நாலு சதவீதம்

கணபதியில் சத்தி ரோட்டுப் பஸ் சத்தம் அடங்கிய பிறகு
என் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடுவேன்.
நாற்பது மில்லிமீட்டர் நீளம், இரண்டு மில்லிமீட்டர் உயரம்,
அடித்தரையில் அரை மில்லிமீட்டரில் ஆறு தடுப்பு.
விடிய விடிய ஓடும்.
மேசையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

தண்ணீரை நாலு லட்சம் கட்டமாக அறுத்திருக்கிறேன்.
ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தைக் கேட்கும்:
உனக்கு எவ்வளவு சூடு, எந்தப் பக்கம் போகிறாய்?
பதில் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டு
மறுபடியும் கேட்கும்.
ஆயிரத்து இருநூறாவது சுற்றில் பிழைக்கோடு
சித்திரை மாதத்து நொய்யல் மாதிரி வற்றும்.
வற்றினால்தான் எனக்கு விளைச்சல்.

குறிச்சி சிட்கோவில் மின் ஆட்டோவுக்குக் கன்ட்ரோலர் செய்கிறார்கள்.
மருதமலை ஏற்றத்தில் அதற்குக் காய்ச்சல், எண்பத்தெட்டு டிகிரி.
வெறுந்தண்ணீர் தாங்காது, அலுமினாத் தூள் கலப்போம் என்றேன்.
தலைமுடிப் பருமனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு,
நாலு சதவீதம்.
தடுப்பைத் தாண்டும் நீர் நேரே போகாது,
அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி
சுவரின் சூட்டை வழித்துக்கொண்டு
பிறகுதான் கூட்டத்தில் சேரும்.
திரையில் அது சிவப்பு, மஞ்சள், பச்சை.
வழவழத்த வாய்க்காலைவிட
முப்பத்தொரு சதவீதம் கூடுதல் என்று எண் வந்தது.
அன்று இரவு இரண்டு செட் தோசை சாப்பிட்டேன்.

ராக்கியண்ணன் செம்புத் தகட்டில் ஆறு தடுப்பையும்
மில்லிங்கில் எடுத்து முடித்துவிட்டார்.
"ஒரு விளிம்புலயும் பிசிர் இல்லீங் மேடம்."

வியாழக்கிழமை, சும்மா, உள்ளீட்டுப் பட்டியலை மேலிருந்து படித்தேன்.
பாகுத்தன்மைக்கு நேரே
சுழியம் புள்ளி சுழியம் சுழியம் சுழியம் எட்டு ஒன்பது.
வெறுந்தண்ணீரின் எண்.
தூளைப் போட்டேன், கெட்டிப்பைப் போடவில்லை.
களி கிண்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்,
மாவு விழுந்தால் துடுப்பு கனக்கும் என்று.
முனைவர் பட்டத்துக்கு நான்கு வருடம் படித்தவளுக்கு
அது தோன்றவில்லை.

திருத்தி ஓட்டினேன். முப்பத்தொன்று இருபத்துநாலாச்சு.
பம்ப்போ மூச்சு வாங்கியது.
ஆத்திரத்தில் தூளை மொத்தமாக நீக்கிவிட்டு
தடுப்பை மட்டும் வைத்து ஓட்டினேன்:
இருபத்தொன்று.
வேலை செய்தது தடுப்பு.
பேர் வாங்கவிருந்தது தூள்.

காலையில் போன் போட்டேன். எதிர்முனையில் முதலாளி
தன் பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது.
"தூளுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சுங்களே."
எனக்குப் பதில் இல்லை. அந்தத் தொகைக்கு
எந்தச் சமன்பாடும் இல்லை.
போனை ராக்கியண்ணன் வாங்கிக்கொண்டார்.
"அப்ப வெறுந்தண்ணியே போதுங்கறீங்?"
ஆமாம் என்றேன்.
"எந்தத் தண்ணீங்?"
தண்ணீர்தான் என்றேன்.
"இல்லீங், சிறுவாணியா, போர்த் தண்ணியா?
ஆட்டோக்காரன் கெடச்சதத்தான் ஊத்துவான்."

நான்கு லட்சம் கட்டத்தில்
ஒன்றிலும் உப்பு இல்லை.
இத்தனை இரவு நான் திறந்துவிட்டது
எந்த ஊர்க் குழாயிலும் வராத தண்ணீர்.

மதியம் பட்டறைக்குப் போனேன்.
லேத்துக்குப் பக்கத்தில் கூலன்ட் கலக்கும் பழைய வாளி,
அடியில் சாம்பல் வெள்ளையாய் ஒரு ஏடு.
ராக்கியண்ணன் திருப்புளியால் ஒரு சில்லைப் பெயர்த்து
வெர்னியரில் கவ்விக் கொடுத்தார்.
எட்டு மாதப் படிவு.
வெளிச்சத்துக்குத் திருப்பிப் படித்தேன்.
அரை மில்லிமீட்டர்.
என் தடுப்பின் உயரம்.